ஏற்கெனவே கொடுக்கப்பட்டவை: விசுவாசி தன் ஆவிக்குரிய சுதந்தரத்தைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பெயெர்செபாவின் வனாந்தரத்தில் துருத்தித் தண்ணீர் தீர்ந்துபோனது. ஆகார் பிள்ளையை ஒரு செடியின்கீழே விட்டுவிட்டு, அவன் சாகிறதைப் பார்க்கமாட்டேன் என்று தூரமாய்ப் போய் உட்கார்ந்து சத்தமிட்டு அழுதாள். அதற்குப்பின் ஆதியாகமம் 21ஆம் அதிகாரம் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். வானம் இடிந்து மழை கொட்டியதாக அங்கே இல்லை. கன்மலை பிளந்ததாகவும் இல்லை. "தேவன் அவளுடைய கண்ணைத் திறந்தார், அப்பொழுது அவள் ஒரு தண்ணீர் துரவைக் கண்டு" என்றுதான் இருக்கிறது.

தோத்தானிலும் இதே கதைதான். ஊரைச் சுற்றிச் சீரியரின் குதிரைகளும் இரதங்களும் நிற்பதைக் கண்டு எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் நடுங்கினான். "கர்த்தாவே, சேனையை அனுப்பும்" என்று எலிசா கேட்கவில்லை. இவன் கண்களைத் திறந்தருளும் என்றுதான் கேட்டார். அக்கினிமயமான குதிரைகளும் இரதங்களும் மலைமேல் நிறைந்திருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான்.

எபேசு சபைக்காகப் பவுல் ஏறெடுத்த ஜெபமும் இந்த வரிசையில் சேரும். எபேசியருக்கு எழுதின நிருபத்தின் முதல் அதிகாரக் கடைசிப் பகுதியில் அவர் அந்த விசுவாசிகளுக்காகப் புதிதாக எந்த ஆசீர்வாதத்தையும் கேட்கவில்லை. அவர்களுக்கு உண்டாயிருக்கிற நம்பிக்கை என்ன, சுதந்தரத்தின், அதாவது பிள்ளைகளுக்குரிய உரிமைச்சொத்தின், ஐசுவரியம் என்ன, அவர்களிடத்தில் செயல்படும் வல்லமை எவ்வளவு என்பதை அவர்கள் அறியும்படி, "பிரகாசமுள்ள மனக்கண்களை" கொடுக்கவேண்டும் என்று கேட்கிறார்.

நம் ஜெபங்களில் பாதிக்குமேல் "தாரும்" என்றே முடிகிறது. பெலன் தாரும், சமாதானம் தாரும், அபிஷேகம் தாரும். கேட்பது தவறல்ல, கேளுங்கள் என்று ஆண்டவரே சொன்னார். ஆனால் கொடுக்கப்பட்டதை அறியாமல் கேட்டுக்கொண்டே இருப்பவர் வருடங்கள் போனாலும் அதே இடத்தில் நிற்பார். ஆகவே இந்த வழிகாட்டி கேட்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலையைப் பற்றியது. ஒரு வேதாகமம், ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா, தினமும் அரைமணி நேரம் இருந்தால் போதும்.

தொடங்கும் முன்: இது யாருக்குச் சொல்லப்பட்டது

எபேசியர் 1:3 இந்த முழு விஷயத்துக்கும் வாசல்: "அவர் கிறிஸ்துவுக்குள் உன்னதங்களிலே ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தினாலும் நம்மை ஆசீர்வதித்திருக்கிறார்." இதில் "கிறிஸ்துவுக்குள்" என்பதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 3ஆம் வசனத்திலிருந்து 14ஆம் வசனம்வரை மூலபாஷையில் ஒரே நீண்ட வாக்கியம். அதற்குள் கிறிஸ்துவுக்குள், அவருக்குள், பிரியமானவருக்குள் என்று பத்துத் தடவைக்குமேல் வருகிறது. கிறிஸ்துவை விட்டுவிட்டு ஆசீர்வாதத்தை மட்டும் தனியே பிய்த்தெடுக்க இங்கே வழியே இல்லை. நான் அவரை விசுவாசித்து அவருக்குச் சொந்தமானவனா என்ற சந்தேகம் உள்ளவர் முதலில் அங்கேதான் நிற்கவேண்டும். விசுவாசிகளானபோது முத்திரைபோடப்பட்டீர்கள் என்று 13ஆம் வசனம் சொல்கிறது. ஞானஸ்நானச் சான்றிதழோ பரம்பரைக் கிறிஸ்தவப் பெயரோ அதற்கு மாற்றாகாது.

எழுதினவரின் நிலைமையையும் மறக்கக்கூடாது. இதே நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் தம்மைச் சங்கிலியால் கட்டப்பட்ட ஸ்தானாபதி, அதாவது தூதுவர், என்கிறார் பவுல். "சகல ஆசீர்வாதத்தினாலும்" என்று எழுதின கையில் விலங்கு இருந்தது. அந்தச் சொல்லைக் காராகவும் பங்களாவாகவும் மொழிபெயர்க்கிற பிரசங்கத்தைக் கேட்டால் இந்த விலங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பட்டியல் எடுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் வசன எண், இரண்டாவதில் கொடுக்கப்பட்டது என்ன, மூன்றாவதில் எந்தக் காலத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. எபேசியர் 1:3 முதல் 14 வரை நிதானமாக வாசித்து நிரப்புங்கள். உலகத்தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொண்டார், சுவிகாரபுத்திரராக முன்குறித்திருக்கிறார், பாவமன்னிப்பாகிய மீட்பு உண்டாயிருக்கிறது, தமது சித்தத்தின் இரகசியத்தை அறிவித்தார், சுதந்தரமாகும்படி தெரிந்துகொள்ளப்பட்டோம், முத்திரைபோடப்பட்டீர்கள். மூன்றாவது பத்தியைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய எல்லாமே நடந்து முடிந்த காரியமாகச் சொல்லப்பட்டிருக்கும். "நீங்கள் இன்னும் உபவாசித்தால் கொடுப்பார்" என்ற தொனி ஓரிடத்திலும் இல்லை.

இவற்றில் சுவிகாரம் என்பதில் கொஞ்சம் தங்கிச் செல்லவேண்டும். நம் ஊரில் தத்துப்பிள்ளை என்றால் பலர் மனதில் ஒரு படி கீழான பிள்ளை என்ற எண்ணம் இருக்கிறது. பவுல் வாழ்ந்த ரோம உலகத்தில் அப்படி இல்லை. ஜூலியஸ் சீசர் தன் உயிலில் சுவிகாரம் எடுத்த ஒக்டேவியன்தான் பின்பு அகஸ்து இராயன் ஆனான். பவுல் ரோமாபுரியில் காவலில் இருந்த காலத்தில் அரசாண்ட நீரோவும் சுவிகாரபுத்திரனே. கி.பி. 50இல் கிலவுதியு இராயன் அவனைத் தத்தெடுத்தான், நான்கு வருடத்தில் பேரரசே அவன் கைக்கு வந்தது. சிங்காசனத்தில் இருப்பவனே தத்துப்பிள்ளை என்று தெரிந்த ஜனத்துக்குத்தான் "நீங்கள் தேவனுடைய சுவிகாரபுத்திரர்" என்று பவுல் எழுதினார். முழு உரிமை, முழுப் பெயர், முழுச் சுதந்தரம் என்றுதான் அவர்கள் காதில் அது விழுந்திருக்கும்.

ஆகவே பட்டியலில் சுவிகாரம் என்று எழுதிவிட்டு ஓடாதீர்கள். ரோமர் 8:15ஐப் பக்கத்திலே எழுதுங்கள்: திரும்பவும் பயப்படுகிறதற்கு அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல், "அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திர சுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்." அதன்கீழ் ஒரு கேள்வி: நான் இன்று காலை ஜெபித்தபோது பிள்ளையாகப் பேசினேனா, முதலாளி முன் நிற்கிற வேலையாளாகப் பேசினேனா? பதிலை உண்மையாக எழுதுங்கள். அந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

முதல் அதிகாரம் முடிந்தபின் இரண்டாவதையும் மூன்றாவதையும் அதேபோல் செய்யுங்கள். உயிர்ப்பித்தார், உன்னதங்களிலே உட்காரவும் செய்தார், பிதாவினிடத்தில் சேரும் சிலாக்கியம் பெற்றிருக்கிறோம் என்று பட்டியல் நீளும். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

இரண்டாம் படி: ஜெபக்குறிப்புகளைப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் அதிகம் கேட்கும் படி இதுதான். கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் ஜெபித்த காரியங்களை நினைவுக்கு வந்தவரை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மூன்று வகையில் ஒன்றாக வையுங்கள்.

முதல் வகை, ஏற்கெனவே கொடுக்கப்பட்டது. இதற்கு ஸ்தோத்திரம் செலுத்தி எடுத்துப் பயன்படுத்தவேண்டும். இரண்டாவது, நாளுக்கு நாள் கேட்டுப் பெறவேண்டியது. அன்றன்றுள்ள ஆகாரம், யாக்கோபு 1:5 சொல்லும் ஞானம், எபேசியர் 5:18 சொல்லும் ஆவியின் நிறைவு எல்லாம் இதில் வரும். மூன்றாவது, வாக்குத்தத்தம் பண்ணப்பட்டது, ஆனால் ஆண்டவர் வரும்போது மட்டுமே முழுமையாக வருவது. நோயும் மரணமும் கண்ணீரும் இல்லாத வாழ்வு, மகிமையின் சரீரம்.

முதல் வகையில் இருப்பதை இரண்டாம் வகையாக எண்ணிக்கொள்வது எவ்வளவு பாரமாகிவிடும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு வேதபாடக் கூட்டத்தில் இந்தப் பயிற்சியைச் செய்தபோது வயதான ஒரு அம்மா நோட்டில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "பழைய பாவம் மன்னிக்கணும்." என்னவென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "தம்பி, கல்யாணத்துக்கு முந்தி நடந்தது. அன்னைக்கே அழுது அறிக்கை பண்ணிட்டேன். இருந்தாலும் தெனமும் கேக்குறேன், மனசு ஆற மாட்டேங்குது" என்றார். அவருடைய பட்டியலில் ஏழாம் வசனம் அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதை வாசியுங்கம்மா என்றேன். "இவருடைய இரத்தத்தினாலே பாவமன்னிப்பாகிய மீட்பு இவருக்குள் நமக்கு உண்டாயிருக்கிறது" என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். "உண்டாயிருக்கிறது" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு தான் எழுதியிருந்த அந்த ஒற்றை வரியை அடித்துவிட்டு, அதன்மேல் "ஸ்தோத்திரம்" என்று எழுதினார்.

புதிதாகப் பாவம் செய்தால் அறிக்கையிடவேண்டும், 1 யோவான் 1:9 அதற்குத்தான். அறிக்கையிட்டு மன்னிக்கப்பட்டதை மறுபடியும் மறுபடியும் தோண்டியெடுத்துக் கெஞ்சுவது தாழ்மைபோலத் தோன்றும், ஆனால் அது சிலுவையில் முடிந்த காரியத்தை முடியாததாக நடத்துவது.

இன்னொரு குழப்பம் இதைவிட அதிக சேதம் செய்கிறது. மூன்றாம் வகையைத் தூக்கி முதல் வகையில் வைப்பது. "சுகம் உனக்குக் கொடுக்கப்பட்டாயிற்று, உன் விசுவாசம்தான் போதவில்லை" என்று படுக்கையில் கிடக்கிறவரிடம் போய்ச் சொல்கிறவர்கள் உண்டு. புற்றுநோயோடு போராடுகிறவர் தலையில் குற்ற உணர்வையும் சேர்த்து ஏற்றிவைக்கிற இந்தப் போதகத்தை என்னால் மென்மையாகப் பேச முடியவில்லை. தேவன் இன்றும் சுகப்படுத்துகிறார், அதற்காக ஜெபிக்கிறோம், எண்ணெய் பூசி ஜெபிக்க யாக்கோபு நிருபமே சொல்கிறது. ஆனால் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதினவர் பவுல். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று வழி சொன்னவரும் அவரே. தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டு, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலைப் பெற்றவரும் அவரே. ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமுங்கூட சரீர மீட்புக்குக் காத்திருந்து தவிக்கிறோம் என்று ரோமர் 8:23 வெளிப்படையாகச் சொல்கிறது.

பவுல் இதற்குச் சொல்லும் உவமை நமக்குப் பழக்கமானது. ஆவியானவர் நம் சுதந்தரத்தின் அச்சாரம் என்கிறார். வீடு வாங்க அச்சாரம் கொடுத்தபின் அந்த விற்பனை உறுதிதான், விற்றவர் எளிதில் பின்வாங்க முடியாது. ஆனால் சாவி கைக்கு வருவது பத்திரம் பதிவாகும் நாளில்தான். நம் கையில் இருப்பது உண்மையான பணம், முழுத்தொகை அல்ல. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர் ஆஸ்பத்திரி வார்டிலும் தேவனைக் குற்றப்படுத்தமாட்டார், தன்னையும் குற்றப்படுத்தமாட்டார்.

மூன்றாம் படி: மறதியைக் கவனியுங்கள்

பேதுரு தம் இரண்டாம் நிருபத்தில் ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவற்றையும் தேவனுடைய திவ்விய வல்லமை நமக்குத் தந்தருளிற்று என்று தொடங்குகிறார். உடனே, விசுவாசத்தோடே தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை என்று அன்புவரை கூட்டி வழங்கும்படி சொல்கிறார். இவைகள் இல்லாதவனைப் பற்றி 9ஆம் வசனத்தில் அவர் சொல்வது ஆச்சரியமானது. அவனுக்கு வல்லமை வரவில்லை என்கிறதில்லை. தான் சுத்திகரிக்கப்பட்டதை "மறந்து கண்சொருகிப்போன குருடனாயிருக்கிறான்" என்கிறார்.

ஆக வளர்ச்சி நின்றுபோனால் முதலில் பார்க்கவேண்டிய இடம் ஞாபகம். எபேசியரின் முதல் மூன்று அதிகாரங்களில் கட்டளை என்று ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் "நினைத்துக்கொள்ளுங்கள்" என்பதே. திருவிருந்தில் நாம் கேட்பதும் "என்னை நினைவுகூரும்படி" என்ற வார்த்தை. வாரம் ஒருநாள் உங்கள் பட்டியலைச் சத்தமாக வாசியுங்கள். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு வரி வாசிக்கச் சொல்லலாம்.

நான்காம் படி: உள்ளே இருக்கிறவரோடு பழகுங்கள்

கொடுக்கப்பட்டவற்றில் மிகப்பெரியது ஒரு பொருளல்ல, ஒருவர். பரிசுத்த ஆவியானவரைப் பற்றிச் சபைகளுக்குள் வேறுபட்ட போதனைகள் உண்டு. அபிஷேகத்தை இரண்டாவது அனுபவமாகப் பெந்தெகொஸ்தே சபைகள் போதிக்கின்றன, சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகள் வேறுவிதமாகப் பார்க்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் வேதம் இரண்டாவது பேச்சுக்கு இடம் வைக்கவில்லை: கிறிஸ்துவின் ஆவியில்லாதவன் அவருடையவனல்ல என்கிறது ரோமர் 8:9. அப்படியானால் விசுவாசித்த எவருக்குள்ளும் அவர் இருக்கிறார்.

நடைமுறையில் இதை எங்கே கண்டுகொள்வது? ஜெபிக்க முடியாத நேரத்தில்தான் என்பது என் எண்ணம். வார்த்தை வராமல் முழங்காலில் வெறுமனே இருந்த இரவுகள் எல்லாருக்கும் உண்டு. அந்த நேரத்தை நாம் தோல்வியாக எழுதிக்கொள்கிறோம். ரோமர் 8:26 அதே நேரத்தைக் குறித்து, "ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்" என்கிறது. அதே அதிகாரம் 34ஆம் வசனத்தில் கிறிஸ்துவும் தேவனுடைய வலதுபாரிசத்திலிருந்து நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறது. நம் பேச்சு அடங்கிய அறையிலும் வேண்டுதல் நடந்துகொண்டிருக்கிறது.

பயிற்சி எளிது. அடுத்தமுறை வார்த்தை வராதபோது எழுந்து போய்விடாமல், "ஆவியானவரே, நீர் வேண்டுதல் செய்கிறீர்" என்று ஒருதரம் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் அமைதியாக இருங்கள். எபிரெயர் 4:16 சொல்லும் கிருபாசனத்துக்குத் தைரியமாய்ச் சேருவதற்கு நல்ல தமிழும் நீண்ட வாக்கியங்களும் நிபந்தனையல்ல.

ஐந்தாம் படி: பயத்தின்முன் சர்வாயுதவர்க்கத்தை எடுங்கள்

இங்கே எபேசு பட்டணத்தைத் தெரிந்துகொள்வது உதவும். தியானாள் தேவியின் மகா கோவில் அங்கே இருந்தது. மந்திரத்துக்கும் அந்த ஊர் பேர்போனது. "எபேசு எழுத்துகள்" என்று சொல்லப்பட்ட மந்திரச் சொற்களைக் கிரேக்க உலகில் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். பவுல் அங்கே பிரசங்கித்தபோது மாயவித்தைக்காரர் தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள். அதன் விலை 50,000 வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19 கணக்குச் சொல்கிறது.

அந்த ஜனத்துக்குத்தான், கிறிஸ்து எல்லாத் துரைத்தனத்துக்கும் அதிகாரத்துக்கும் பேர்பெற்றிருக்கும் எல்லா நாமத்துக்கும் மேலாய் உயர்ந்திருக்கிறார் என்றும், நம்மை அவரோடேகூட உட்காரச் செய்தார் என்றும் பவுல் எழுதினார். நம்மூர் வாசகருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. செய்வினை, ஏவல், கண்ணேறு என்ற பயம் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிற வீடுகளிலும் இருக்கிறது. வியாபாரம் படுத்தால், பிள்ளைக்கு வரன் தட்டிப்போனால் "யாரோ ஏதோ வச்சிட்டாங்க" என்று ஆரம்பிக்கிறார்கள். தாயத்தை அவிழ்த்துவிட்டு, அதே பயத்தோடு ஜெபித்த எண்ணெய்ப் பாட்டிலை வாசலுக்குமேல் தொங்கவிடுவது எபேசு ஊரார் மந்திரப் புஸ்தகத்தை எரித்துவிட்டு வேறு மந்திரப் புஸ்தகம் வாங்கினதற்குச் சமம்.

எபேசியர் ஆறாம் அதிகாரத்துச் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது தேவன் தரும் முழுப் போர்க்கவசத்தை, வாசிக்கும்போது ஏசாயா 59:17ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீதியை மார்க்கவசமாக அணிந்து, இரட்சிப்பென்னும் சீராவைத் தரித்துக்கொள்பவர் கர்த்தர். நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது அவர் தாமே அணிந்த கவசம். அதைக் கொண்டு செய்யவேண்டியதாகப் பவுல் திரும்பத்திரும்பச் சொல்வது "நில்லுங்கள்" என்பதுதான். எதிரியைத் தேடிக்கொண்டு போகச் சொல்லவில்லை. இரவெல்லாம் பிசாசின் பெயரைச் சொல்லி விரட்டுகிற ஜெபங்களைவிட, சத்தியத்திலும் நீதியிலும் சமாதானத்தின் சுவிசேஷத்திலும் அசையாமல் நிற்கிற வீடு அவனுக்குப் பெரிய தலைவலி.

உங்களைப் பயமுறுத்தும் காரியத்தின் பெயரை நோட்டில் எழுதுங்கள். அதற்கு எதிரே எந்த ஆயுதம் பொருந்தும் என்று பாருங்கள். "நான் தகுதியில்லாதவன்" என்ற குற்றச்சாட்டுக்கு நீதியென்னும் மார்க்கவசம். அந்த நீதி உங்களுடையதல்ல, கிறிஸ்துவினுடையது. "முடிவு என்ன ஆகுமோ" என்ற கலக்கத்துக்கு இரட்சணியமென்னும் தலைச்சீரா. சிலருக்கு ஒரே ஆயுதமே மறுபடியும் மறுபடியும் தேவைப்படும்.

ஆறாம் படி: வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசியுங்கள்

தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சானது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுவே. நம் பாஷையில் வேதம் கையில் இருப்பது நாம் கணக்கில் எடுக்க மறக்கிற பொக்கிஷம். இன்று அது கைபேசியில் இலவசம். ஆனாலும் பல வீடுகளில் வருடத்துக்கு ஒரே வசனம்தான் வாசிக்கப்படுகிறது: புதுவருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை.

அட்டை எடுப்பதைக் குறைசொல்லவில்லை, அதில் ஆறுதல் பெற்றவர்கள் அநேகர். ஆனால் அந்த வசனத்தின் அதிகாரம் முழுவதையும் அன்றைக்கே வாசித்துவிடுங்கள். "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 பலருக்குப் பிரியமானது. அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் 70 வருஷம் என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்லியிருக்கிறது. முழுதாக வாசித்தால் அந்த வாக்குத்தத்தம் சுருங்குவதில்லை, நீண்ட காத்திருப்பையும் தாங்கும் பலம் அதற்கு வருகிறது.

ஏழாம் படி: சபையையும் உங்கள் வரத்தையும் கணக்கில் சேருங்கள்

தனியாக உட்கார்ந்து எழுதிய பட்டியலில் இது விடுபட்டுப்போகும். எபேசியர் 4இல் உயரமேறின கிறிஸ்து மனுஷருக்குக் கொடுத்த வரங்கள் என்று பவுல் எழுதிவிட்டு ஆட்களைச் சொல்கிறார்: அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர். உங்களுக்கு ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்த டீச்சர், வீடு தேடி வந்து ஜெபிக்கிற ஆயர், திருத்திச் சொல்கிற மூப்பர் எல்லாரும் உங்களுக்குக் கொடுக்கப்பட்டவர்கள். அவர்கள் பெயர்களையும் எழுதுங்கள்.

உங்கள் சொந்த வரம் எது என்று தெரியவில்லையா? மேடை வரங்களை மட்டும் தேடினால் தெரியாது. ரோமர் 12இல் ஊழியஞ்செய்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், இரக்கஞ்செய்தல் எல்லாம் தீர்க்கதரிசனத்தோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காட்டினது அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். எந்த வேலையைச் செய்யும்போது மற்றவர்கள் ஆண்டவரண்டை நெருங்குகிறார்கள், சபையில் யார் உங்களை எதற்காகத் தேடி வருகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் உங்களை நன்றாக அறிந்த ஒரு மூத்த விசுவாசியிடமே கேட்டுவிடுங்கள். அது கண்டபின் 2 தீமோத்தேயு 1:6 வேலைக்கு வருகிறது: பெற்ற வரத்தை அனல்மூட்டி எழுப்பவேண்டும். பேதுரு நம்மை உக்கிராணக்காரர், அதாவது வீட்டுச் சரக்கறையைப் பொறுப்பாகக் கவனிப்பவர்கள், என்கிறார். உக்கிராணத்தில் இருப்பது பந்தியில் இருக்கிறவர்களுக்காக.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தப் படியை முடிக்க முடியாது. எபேசியர் 2:14, கிறிஸ்து பிரிவினையாக நின்ற நடுச்சுவரைத் தகர்த்தார் என்கிறது. எருசலேம் தேவாலயத்தில் புறஜாதியார் தாண்டக்கூடாத தடுப்பு ஒன்று இருந்தது. தாண்டுகிறவன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று எழுதிய கல் 1871இல் கண்டெடுக்கப்பட்டது, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட சுவர்களைத் தகர்த்து உண்டான ஒருமை நமக்குக் கொடுக்கப்பட்ட ஐசுவரியம். அதை உண்டாக்கச் சொல்லவில்லை, 4:3 காத்துக்கொள்ளச் சொல்கிறது. சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிடவேண்டும் என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர்ச் சபைகளில் அதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. இன்றும் தனிக் கல்லறைத் தோட்டமும், சாதி பார்த்து நடக்கும் சபைத் தேர்தலும் இருக்கிற இடங்களில் நாம் கிறிஸ்து இடித்த சுவரைக் கையால் கட்டிக்கொண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட சபை வல்லமைக்காக உபவாசக் கூட்டம் வைப்பதற்கு முன், இந்த ஈவை என்ன செய்தோம் என்று கணக்குப் பார்க்கவேண்டும்.

எட்டாம் படி: கட்டளையோடு ஈவைச் சேர்த்துக் கட்டுங்கள்

எபேசியரின் பின்பாதி, 4 முதல் 6 வரை, சுமார் 40 கட்டளைகள் நிறைந்தது. அது "ஆதலால்" என்று தொடங்குகிறது. இந்தக் கடைசிப் பயிற்சியில் ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, அது முன்பாதியில் உள்ள எந்த ஈவின்மேல் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். "ஒருவருக்கொருவர் மன்னியுங்கள்" என்ற 4:32, பாவமன்னிப்பைச் சொன்ன 1:7இன்மேல் நிற்கிறது. ஆவியானவரைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்ற 4:30, முத்திரையைச் சொன்ன 1:13இன்மேல். பிரியமான பிள்ளைகளைப்போல தேவனைப் பின்பற்றுங்கள் என்ற 5:1, சுவிகாரத்தைச் சொன்ன 1:5இன்மேல். சிலவற்றுக்கு உடனே விடை கிடைக்காது. அவற்றுக்கு நேரே கேள்விக்குறி போட்டுவிட்டுத் தொடருங்கள்.

பிறகு ஒரே ஒரு கட்டளையை அந்த வாரத்துக்கு எடுங்கள். உதாரணமாக, சொத்துப் பிரச்சினையில் பேச்சு நின்றுபோன உங்கள் சித்தப்பா. அவரை மன்னிக்க "பெலன் தாரும்" என்று தொடங்காமல், எனக்கு மன்னிக்கப்பட்டது எவ்வளவு என்று 1:7ஐ வைத்து ஸ்தோத்திரம் பண்ணித் தொடங்குங்கள். அதன்பின் போனை எடுங்கள். அவர் எடுக்காமல் போகலாம், எடுத்துக் கத்தலாம். உங்கள் பங்கு செய்யப்பட்டது; அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிடலாம். வழக்கு, பங்கு, பத்திரம் பற்றிய நியாயமான பேச்சை அதற்குரிய நேரத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பதென்றால் உரிமையை எழுதிக்கொடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

நிதானமாகப் போனால் இந்த எட்டுப் படிகளுக்கும் இரண்டு மாதம் பிடிக்கும். எபேசியர் முடிந்ததும் கொலோசெயரை இதே மூன்று பத்தி நோட்டில் எழுதுங்கள். அதில் நான்கே அதிகாரம், பல வரிகள் எபேசியரோடு ஒத்துப்போகும், ஆகவே வேகமாக நகரும். அதற்குப்பின் ரோமர் 8ஐத் தனியாக எடுங்கள். வீட்டில் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் நீங்கள் வாசித்து அவர்கள் சொல்லச்சொல்ல எழுதலாம். அவர்கள் பட்டியலை அவர்கள் பெயரிலேயே தனிப் பக்கத்தில் எழுதிக்கொடுங்கள்.